ஜீப்பு நிக்கிற எடத்துல ஆத்தா

எங்க ஊர்ல பாக்க என்ன இருக்குன்னு யாராவது கேட்டா எனக்குச் சுள்ளுனு கோவம் வந்துரும். என்ன இல்ல? போடிமெட்டுக்கு ஏறுற மலை கண்ணு முன்னால நிக்குது. வாய்க்கா இருக்கு, இலவந்தோப்பு இருக்கு. மாசிக் கடைசியில காய் வெடிச்சா தெருவெல்லாம் பஞ்சு பறக்கும். விடியக்காலம் பனியும் பஞ்சும் கலந்து, எது எதுன்னு தெரியாம மசமசன்னு கெடக்கும் ஊரு. அந்த நேரத்துல நடந்தா காலு தரையில பட்ட மாதிரியே இருக்காது.

ஊருக்கு வெளிய, ரோட்டோரத்துல எங்க ஆத்தா நிக்கும், கல்லா. நான் நடை பழகுன வயசுல, அடுத்த பிள்ளைய வயித்துல சுமந்தபடியே செத்துப்போச்சு. அப்படிச் சுமைய இறக்காமப் போனவுகளுக்குச் சுமைதாங்கி வைக்கிறது எங்க பக்கத்து வழக்கம். நெஞ்சு உசரத்துக்கு ரெண்டு கல்லு, மேல குறுக்க ஒரு பலகைக்கல்லு. விறகுக்கட்டோட வர்றவுக யாரு கையையும் எதிர்பாக்காம இறக்கி வச்சு மூச்சு வாங்கலாம்.

அப்பா மட்டும் அதுல எதையும் வச்சதில்ல. புல்லுக்கட்டு கழுத்தை அமுக்குனாலும், கல்லை லேசாத் தொட்டுட்டு நடையக் கட்டிரும். நானும் அப்படித்தான். பெத்தவ மேல பாரத்தை வைக்க மனசு வருமா?

போன வருசம் ரோட்டை அகலப்படுத்த வந்தவுக, கல்லைப் பிடுங்கணும்னாக. ஊர்க்காரவுக கூடிப் பேசி, கோயிலுக்குள்ள நட்டு, மஞ்சள் பூசி, சுத்திக் கம்பி வேலி போட்டுச் சாமியாக்கிரலாம்னு முடிவு பண்ணுனாக. நல்ல மனசுலதான் சொன்னாக. ஆனா வேலிக்குள்ள நின்னா ஆத்தா மேல யாரு சுமைய இறக்குவா? எனக்குப் பொறுக்கல.

"சாமியெல்லாம் வேணாம்ணே. ஜீப்பு நிக்கிற எடத்துல வைங்க. நாலு பேரு சுமைய இறக்கட்டும்."

முணுமுணுத்துக்கிட்டேதான் வச்சாக.

மறுநா விடியல்ல, பால் தூக்கோட அந்தப் பக்கம் போனேன். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போற பொம்பளைக ஜீப்புக்கு நின்னுக்கிட்டு இருந்தாக. அதுல ஒருத்தி மாசமா இருந்தா. கனத்த பையைக் கை மாத்தி மாத்திப் பிடிக்கிறா, பக்கத்துல இருக்குற கல்லுல மட்டும் வைக்கல. அது யாருக்கு வச்ச கல்லுன்னு அவளுக்கும் தெரிஞ்சிருக்கு.

"வையி ஆத்தா. அதுக்குத்தான் நிக்குது"ன்னேன் அவகிட்ட.

தயங்கித் தயங்கி வச்சா. இடுப்புல கையை ஊனி, "அப்பாடா"ன்னா. அந்தச் சத்தம் எங்க ஆத்தாவே மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு.

ஜீப்பு அவுகளை ஏத்திக்கிட்டு மலைப்பக்கம் போயிருச்சு. பஞ்சு பறந்துக்கிட்டே இருந்துச்சு. அவ பை இருந்த எடத்துல, பொறந்ததுல இருந்து முத தடவையா, என் பால் தூக்கை வச்சேன். ஆத்தா தாங்கிக்கிச்சு.