அடி எங்கே விழ வேண்டும்

சீமையிலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்த துரைக்கு என் இங்கிலீஷ் இங்கிலீஷாகவே படவில்லை. அட்டனில் எஸ்.எஸ்.சி. வரை படித்துவிட்டும் நான் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். ஆபீசில் சின்னக் கிளாக்கர் வேலை காலி என்றதும் ஓடினேன். கத்தியைப் போட்டுவிட்டுக் காலில் சப்பாத்தோடு நடக்க எனக்கிருந்த ஒரே வழி அது. துரை ஓர் இங்கிலீஷ் கடிதத்தை வாசிக்கச் சொன்னார். ஒரு எழுத்து பிசகாமல் வாசித்தேன்.

“சரி, இப்ப இங்கிலீஷ்ல வாசி,” என்றார். எனக்கு வந்ததே கோபம்!

பங்களாவில் சமையல் செய்த என் அக்கா புருஷன்தான் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு ஏ, பி, சி தெரியாது. துரைசாணி பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் காது மட்டும் பழகியவர்.

“மாப்ள, நீங்க எல்லா எழுத்தையும் ஒரே மாதிரி இழுக்கிறீங்க. ஒரு எடத்துல அமுத்தணும், மத்தத முழுங்கிறணும். பொட்டேட்டோன்னா ‘டே’யில அடிங்க.”

எங்கே அடிப்பது என்பதற்கு ஏதாவது முறை உண்டா? ஒரு மண்ணும் கிடையாது. போட்டோகிராப் என்றால் முதல் எழுத்தில் அடி. போட்டோகிராபர் என்றால் அது அடுத்ததற்குத் தாவிவிடும். படம் பிடித்தவன் வந்து நின்றால் அடி ஏன் நகர வேண்டும்?

“அவங்க அப்படித்தான் சொல்றாங்க மாப்ள. என்னையக் கேட்டா?” என்பார் மச்சான். நாசமாய்ப் போ என்று புத்தகத்தை எத்தனை தடவை வீசியிருப்பேன்!

கடைசியில் கத்திதான் கைகொடுத்தது. கவ்வாத்து வெட்டும்போது ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லி, அழுத்த வேண்டிய எழுத்து வந்ததும் கிளையில் ஒரு வெட்டுப் போட்டேன். “பயலுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு,” என்று பக்கத்து நிரையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மூன்று மாதத்தில் கை போன இடத்துக்கு நாக்கும் போனது. வேலை இன்னும் காலியாகவே இருந்தது. பெரிய கிளாக்கரிடம் கெஞ்சி, மறுபடியும் துரை முன்னால் போய் நின்றேன்.

துரை முன்னால் நிற்கிறவன் அசையக் கூடாது. இடது கையில் கடிதம், வலது கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். இரண்டு வரி அழகாகப் போயிற்று. துரை தலையைக்கூட ஆட்டினார். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன ‘இமீடியட்லி’ வந்தது. ‘மீ’ என்றதும் கை தானாக இறங்கிவிட்டது. மேசையில் பளார் என்று ஓர் அடி. மைக்கூடு கவிழ்ந்தது.

அந்த நாளில் துரையின் மேசையில் தட்டுகிறவன் என்றால் தொழிற்சங்கத்து ஆள்தான். துரையின் முகம் சிவந்துவிட்டது. “வெளிய போடா!” என்று கத்தினார் பெரிய கிளாக்கர். “ஐயா, அது எழுத்துக்கு அடிச்சதுங்க,” என்று நான் சொன்னதை யார் கேட்டார்கள்?

நான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி போயிருந்தது. சங்கத்துக்காரர்கள் மாலையோடு காத்திருந்தார்கள்.

“தொரை மேசையிலேயே அடிச்சு, ஒடனே வேணும்னு கேட்டீங்களாமே! இனி நீங்கதாங்க நம்ம தலைவரு.”

மாலை கழுத்தில் விழுந்தது. எனக்கு அழுகைதான் வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த மச்சான், என் காதருகே குனிந்தார்.

“எங்க மாப்ள அடிச்சீங்க?”

“‘மீ’யில.”

“சரியான எடந்தான்,” என்றார்.

மறுநாள் காலை அதே கத்தியோடு மலைக்குப் போனேன்.