உறைந்து உருகிய எண்ணெய்

மனைவி இறந்த பிறகு சமையலறை என் கைக்கு வந்தது. அதற்கு முன் தண்ணீர் குடிக்கவும், சீனிப் போத்தலில் எறும்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கவும்தான் அதற்குள் போவேன். சமைக்கக் கற்றுக்கொள்வது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இருக்கவில்லை. சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, இடைக்கிடை மீன். என் கஷ்டம் வேறு. கொரோனாக் காலத்தில் வந்த காய்ச்சலோடு எனக்கு மணம் தெரியாமல் போயிற்று. காய்ச்சல் விட்டது, மணம் திரும்பவில்லை. உப்பு, புளி, இனிப்பு, உறைப்பு எல்லாவற்றையும் நாக்கு சொல்லும். ஒன்று கெட்டுவிட்டதா என்று மட்டும் சொல்லாது. மனைவி இருந்தவரை அவளுடைய மூக்கு எங்கள் இரண்டு பேருக்கும் போதுமாக இருந்தது.

மகள் கொழும்புக்குப் பக்கத்தில், வத்தளையில் இருக்கிறாள். அவளுக்கு இது பெரிய கவலை. "பழுதானதைச் சாப்பிட்டு நீங்க விழுந்து கிடந்தா, யாருப்பா பாக்குறது?" என்று தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் கேட்பாள். அவளுடைய வீட்டின் மேல்மாடியில் எனக்கென்று ஓர் அறை காத்திருந்தது. அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கி. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் பாதைக்கு மேலே, மேட்டில் இருக்கும் என் வீட்டுக்குப் பதினொரு ஜன்னல்கள். அவற்றில் ஒன்பதிலிருந்து மலை தெரியும். கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு வருவதாகவும், சமையலறையைப் பார்ப்பதாகவும், சரியில்லை என்றால் வீட்டைப் பூட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவதாகவும் சொன்னாள். சொன்னால் செய்கிறவள். அந்தக் குணம் என்னிடமிருந்து அவளுக்குப் போனது.

போவதில்லை என்று நான் முடிவெடுத்தேன். மூக்கு இல்லாவிட்டால் படிப்பு இருக்கிறது. கந்தோரில் கோப்புகளோடு எழுதுவினைஞனாகக் காலத்தைக் கழித்தாலும் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவன் நான். பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் என்ற இரண்டும் எனக்கு மறக்கவில்லை. ஆகவே எனக்கென்று ஒரு விதி செய்துகொண்டேன். ஒரு பொருள் உருவம் மாறி, பிறகு பழையபடி திரும்பி வந்தால் அது பௌதிக மாற்றம், பயமில்லாமல் சாப்பிடலாம். திரும்பி வராவிட்டால் அது வேறு பொருளாகிவிட்டது, வீச வேண்டும். அரிசி சோறாவதும் திரும்பி வராத மாற்றம்தானே என்று பிறகு தோன்றியது. விதி, சமைத்து இறக்கிய பின்னர் நடக்கும் மாற்றங்களுக்கும் சமைக்காத பொருட்களுக்கும் மட்டுமே என்று திருத்திக்கொண்டேன்.

சமையலறையில் போத்தல்களும் டின்களுமாக முப்பத்திரண்டு இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மழைக்காலத்தில் உப்பு நீர்விட்டு ஈரமாகும், வறுத்தால் மறுபடி உதிரும், ஆகவே நல்லது. இனிப்புக் கித்துள் பாணியின் அடியில் சீனி கட்டியிருந்தது, போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்ததும் கரைந்துவிட்டது, அதுவும் நல்லது. பால் திரைந்தால் எந்த வித்தையாலும் அது மறுபடி பாலாகாது, அதைக் கொட்டினேன். வெட்டிய உருளைக்கிழங்கு கறுத்தால் வெள்ளையாகாது. அதைக் கொட்டுவதா வேண்டாமா என்று ஒரு பகல் முழுக்கக் கவலைப்பட்டுவிட்டு, கறுத்த பக்கத்தை மட்டும் சீவினேன்.

ஓர் இடத்தில் விதி இடறியது. சட்டைக் கையில் மஞ்சள் கறை பட்டிருந்தது. சவர்க்காரம் போட்டதும் சிவந்தது. தேசிக்காயைப் பிழிந்ததும் மறுபடி மஞ்சளானது. அது இரசாயன மாற்றம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் திரும்பி வந்துவிட்டது. சட்டையைத்தானே, சாப்பாட்டை இல்லையே என்று அதை ஒதுக்கி வைத்தேன்.

டிசெம்பர் பிறந்ததும் தேங்காயெண்ணெய் உறையத் தொடங்கியது. கண்டியில் இருக்கிறவர்களுக்கு இது புதினமில்லை. விடியும்போது போத்தலுக்குள் எண்ணெய் மெழுகு போல வெள்ளையாக நிற்கும், கவிழ்த்தாலும் ஒரு துளி விழாது. போத்தலை எடுத்து வெயிலில் வைப்பதுதான் இங்கே எல்லோருடைய வழக்கமும். நானும் காலையில் எழுந்ததும் அதை மதிலுக்கு மேல் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காவல் இருந்தேன். ஓரம் முதலில் கண்ணாடியாகும், பிறகு நடுவில் வெள்ளைக் கட்டி மிதக்கும், பிறகு அதுவும் கரைந்து எல்லாம் தெளியும். என் விதிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று ஒவ்வொரு காலையிலும் மகிழ்ந்தேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறது. அலவத்துகொடையிலிருந்து வந்தவர்கள், கணவருக்கு டவுனில் பிடவைக் கடை. பெருநாளுக்கு அங்கேயிருந்து வட்டிலப்பம் வரும், நத்தாருக்கு இங்கேயிருந்து பலகாரம் போகும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும், அவளையும் மகள் என்றே கூப்பிடுவேன். உடுப்புக் காயப்போட வந்தவள் போத்தலைப் பார்த்துவிட்டாள்.

"என்ன அங்கிள், எண்ணெய்க்குத் தடிமன் காய்ச்சலா? வெயில்ல வெச்சீக்கிறீங்க."

"தடிமன் இல்ல மகள், குளிருக்கு உறைஞ்சிருக்கு. உருகினா பழையபடி வந்திரும். பௌதிக மாற்றம்."

"அடுப்புப் பக்கத்துல வெச்சாலும் உருகுமே."

"வெச்சிட்டு நான் மறந்தா வீடும் சேந்து உருகும்."

"அது பௌதிகமா அங்கிள், மத்ததா?"

"மத்தது."

அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

நத்தார் நெருங்கியதும் முறுக்குச் சுட வேண்டும் என்று நினைத்தேன். கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் மகள் வரும்போது இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று அவளுக்குக் காட்ட வேண்டியிருந்தது. மனைவியின் முறுக்கு உரலைக் கழுவி எடுத்து, மாவைப் பிசைந்து, அந்த எண்ணெயிலேயே சுட்டேன். எழுபத்திரண்டு வந்தது, ஒன்பது உடைந்தது. சுட்டு மிஞ்சிய எண்ணெயை, மீன் பொரித்த எண்ணெயை இதுவரை வடித்தது போலவே, வடித்துப் போத்தலுக்குள் ஊற்றினேன். தின்று பார்த்தேன். உப்பு அளவாக இருந்தது, நன்றாக நொறுங்கியது. நான்கு பீங்கான்களில் அடுக்கி, துணியால் மூடி, நான்கு வீடுகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மருமகனுக்கு வேலை இருந்ததால் மகள் தனியாக ரயிலில் வந்தாள். பையை வைத்தவுடன் சமையலறைக்குப் போனாள். சீனிக்குள் பார்த்தாள், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள், பாண் துண்டுகளைத் திருப்பிப் பூஞ்சணம் தேடினாள். நான் கதவடியில் நின்று அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பரவாயில்லையேப்பா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றினாள். எனக்கு மூச்சு வந்தது. முறுக்கு டின்னைத் திறந்து முன்னால் வைத்தேன்.

ஒரு கடி கடித்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"அப்பா, இதை யாருக்காவது குடுத்தீங்களா?"

"நாலு வீட்டுக்கு. ஏன்?"

அவள் எழுந்து எண்ணெய்ப் போத்தலைத் திறந்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். உடனே மூடினாள்.

"காறிக் கெட்டுப்போய்க் கிடக்குது. முறுக்கு, சவர்க்காரத்தைக் கடிச்ச மாதிரி இருக்கு."

"இருக்காது. இன்னைக்குக் காலையிலயும் உறைஞ்சு உருகிச்சு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

"உருகினா?"

"பழையபடி திரும்பி வந்திச்சுன்னா அதே எண்ணெய்தானே."

"காறின எண்ணெயும் உறையும். காறின எண்ணெயும் உருகும். விஞ்ஞானம் படிச்சது நீங்களா, நானா?"

நான் கதிரையில் உட்கார்ந்தேன். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. உறைவதும் உருகுவதும் ஒரு மாற்றம். எண்ணெய் காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்ல வேறு பொருளாவது இன்னொரு மாற்றம். இரண்டும் ஒரே போத்தலுக்குள் ஒரே நேரத்தில் நடக்கலாம். முதலாவதைக் கண் பார்க்கும். இரண்டாவதை மூக்கு சொல்ல வேண்டும். அதோடு, அந்த இரண்டாவது மாற்றத்துக்கு வெயிலும் வெளிச்சமும் நல்ல உதவி, பொரித்து வடித்த எண்ணெய் இன்னும் நல்ல உதவி. குடும்பம் இருக்கும் வீட்டில் ஒரு போத்தல் எண்ணெய் காறுவதற்கு முன் முடிந்துவிடும். நான் ஒற்றை ஆள். அதே போத்தல் முடியாமல் மதிலில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாதுகாப்பாக்குவதாக நினைத்து நானே அதைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

"மேல் அறைக்கு மெத்தை வாங்கச் சொல்லப் போறேன்" என்றாள் மகள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"கொஞ்சம் பொறு" என்று எழுந்து, மதிலடிக்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். மகளும் பின்னால் வந்து நின்றாள்.

"மகள், நான் குடுத்த முறுக்கைச் சாப்பிட்டீங்களா?"

பக்கத்து வீட்டுப் பெண் என் மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நல்லா ஈந்திச்சு அங்கிள்."

"பொய் சொல்லாதீங்க."

"கோழிக்குப் போட்டோம் அங்கிள். கோழியும் யோசிச்சு யோசிச்சுத்தான் தின்னிச்சு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ற? அன்டி மவுத்தாகி மொத நத்தார். நீங்களே சுட்டு, நீங்களே பீங்கானை மூடிக் கொண்டுவந்து தந்தீங்க. காறல் மணக்குதுன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?"

"இனி வரணும்" என்றேன். நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன். "எனக்கு மூக்கு வேலை செய்யாது. எண்ணெய், பருப்பு, பால் எது எண்டாலும் காலையில மதிலுக்கு மேலால நீட்டுவேன். மணந்து பாத்து நல்லது, பழுது, ரெண்டுல ஒண்ணு சொல்லணும். என் மனசைப் பாக்கக்கூடாது."

"அப்பா, அவங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றாள் மகள்.

"உடுப்புக் காயப்போட நான் எப்பிடியும் வாறதானே. ஒரு மணம் பாக்கிறதுக்கு என்ன?" என்றாள் அவள். "ஆனா அங்கிள், கருவாடு மட்டும் கொண்டுவராதீங்க. அது நல்லதா பழுதான்னு ஆராலயும் சொல்லேலா."

மகள் உள்ளே போய் முப்பத்திரண்டு போத்தல்களையும் டின்களையும் மணந்து பார்த்து, ஐந்தை வெளியே வைத்தாள். எண்ணெய் இனிச் சின்னப் போத்தலில்தான் வாங்க வேண்டும், பொரித்த எண்ணெயைத் திருப்பி ஊற்றக்கூடாது, போத்தல் இருட்டு அலுமாரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தால் வேண்டிய அளவைக் கரண்டியால் தோண்டி எடுக்க வேண்டும் என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். உயிர்த்த ஞாயிறுக்கு வந்து மறுபடி பார்ப்பாளாம், மெத்தை அதுவரைக்கும் கடையிலேயே இருக்கட்டுமாம். மற்ற மூன்று வீடுகளுக்கும் போய் முறுக்கை வீசச் சொன்னேன். இரண்டு வீட்டில் ஏற்கெனவே வீசியிருந்தார்கள். மூன்றாவது வீட்டில் வாடகைக்கு இருக்கும் பையன்கள் எல்லாவற்றையும் தின்று முடித்து, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

நத்தார் முடிந்து மகள் ரயிலேறிய மறுநாள், முந்திய இரவு மிஞ்சிய பருப்பைக் கோப்பையில் எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போனேன். அவள் உடுப்பு வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கோப்பையை வாங்கி மணந்தாள். விரலால் தொட்டு நாக்கிலும் வைத்தாள்.

"நல்லம் அங்கிள். ஆனா உப்புக் கொறவு."

"உப்பை என் நாக்கு பாத்துக்கும். உங்க வேலை மணம் மட்டும்."

"இல்ல, நெசமாவே கொறவு."

"மணம் நல்லம்தானே?"

"மணம் நல்லம்."

கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, பருப்பைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். உப்புப் போடவில்லை.