பேச்சித்தாயின் வல்லாரைப் பாத்தி

என் மனைவி பேச்சித்தாய்க்கு மூக்கின் மேல் கோபம். எனக்கு அவளைவிட ஒரு பங்கு கூடுதல். ஆற்றுப் பாசனத்தில் நெல் விளையும் ஊரில் பிறந்தவளை, மில்லர்புரத்தில் இருந்து உப்பளத்துக்குப் போகும் எனக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வந்த வாரமே என் அக்காள் செண்பகம் வாயை விட்டாள்.

"ஏளா, இந்த மண்ணுல உப்புதான் விளையும். ஒன் வயக்காட்டுப் பவிசெல்லாம் ஊரோட வச்சுக்கோ."

அது இவளைச் சுட்டுவிட்டது. அது எழுபத்து மூன்றாம் வருஷம். தான் பிறந்த ஊர் வாய்க்கால் ஓரத்திலிருந்து வல்லாரைக் கொடியை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து புழக்கடையில் நட்டாள். கிணற்று நீர் கரிக்கும் என்று ஒரு சொட்டு விடமாட்டாள். தெருக்குழாயில் சண்டை போட்டுப் பிடிக்கும் இரண்டு குடத்தில் ஒன்று அதற்குத்தான்.

"மனுசனுக்குக் குடிக்கத் தண்ணியில்ல, கீரைக்கு ஒரு குடமா?" என்று கத்துவேன்.

"அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒங்க அக்கா சாப்பிட வருவாங்கல்லா? அவங்க இலையில வல்லாரைத் துவையல் வைக்காம விடமாட்டேன்" என்பாள்.

கொடி நன்றாகத்தான் படர்ந்தது. கொடைக்குப் பத்து நாள் இருக்கும்போது இலைகள் ஓரத்திலிருந்து கருக ஆரம்பித்தன. பேச்சித்தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! பக்கத்து வீட்டுத் தேவதாசன் அண்ணாச்சியின் கோழிகள்தான் காரணமென்று மதிலருகே நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"ஏலே, கோழி கொத்தும். கருக்குமாலே?" என்றார். அதோடு பேச்சு முறிந்தது.

மறுநாள் சாயங்காலம் அளத்திலிருந்து வந்து, முழங்கால்வரை அப்பியிருந்த உப்பைப் பாத்தி ஓரத்தில் நின்று கழுவினேன். வீணாகப் போகிற தண்ணீர் செடிக்காவது போகட்டும் என்று ஒரு மாதமாக அப்படித்தான் செய்துவந்தேன்.

"அடப்பாவி மனுசா!"

பின்னால் பேச்சித்தாய் நின்றாள். என் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைப் பிடுங்கி வீசினாள். "கோழியாம் கோழி! அளத்து உப்பு முழுக்க எஞ்செடியில கொட்டிட்டு, அந்த மனுசன அந்த ஏச்சு ஏசுனீங்களே!"

பச்சையாக மிஞ்சியது ஒரே கொடி. அதை மண்ணோடு பெயர்த்து, தேவதாசன் மனைவி ஞானபாக்கியத்திடம் கேட்டு, அவர்கள் வீட்டில் நட்டுவிட்டு வந்தாள். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

எங்கள் வீட்டுக் கொடைச் சாப்பாட்டில் இலையைப் பார்த்துச் செண்பகம் சிரித்தாள். "எங்கேளா ஒன் கீரை? நான் அன்னைக்கே சொன்னம்லா, இந்த மண்ணுல..."

"மண்ணு ஒண்ணும் செய்யல! நான்தான் கருக்குனேன்!" என்று இலையை விட்டு எழுந்து கத்தினேன்.

இத்தனை நாளும் என்னோடு பேசாதிருந்த பேச்சித்தாய் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இதே சத்தத்துல, மதிலுகிட்டப் போயி அண்ணாச்சிக்கும் கேக்குற மாதிரி சொல்லிட்டு வாங்க. பொறவு சாப்பிடலாம்."