ஒரு விசாவும் இருபது மொட்டையும்

எங்கள் பள்ளிக்கூடச் சாரணர் படைக்கு ஒரு தலைவர் உண்டு, ஒரு உதவித் தலைவர் உண்டு. தலைவர் தெலுங்கு வாத்தியார், முழங்கால் வலிக்காரர். மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதுவார். ஓடுவது, குதிப்பது, கூடாரம் கட்டுவது, பையன்கள் மரத்தில் ஏறினால் இறக்குவது எல்லாம் உதவித் தலைவர் வேலை. அந்த உதவித் தலைவர் நான்தான். சம்பளம் கிடையாது. காக்கிச் சட்டை உண்டு. அதையும் நானே துணி எடுத்துத் தைத்துக்கொண்டேன்.

சித்தூரில் நான் படித்த பள்ளிக்கூடம்தான் அது. பி.காம். முடித்துவிட்டு, கங்காதர நெல்லூர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறி, வேலை தேடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவேன். காலையில் கொஞ்சம் தேடுவேன். சாயந்திரம் ஆனால் கால் தானாக மைதானத்துக்குப் போய்விடும். நாட்டுக்குள் கேபிள் டி.வி.யும் வெளிநாட்டுக் கூல்டிரிங்கும் வந்துகொண்டிருந்த சமயம். எங்கள் ஊரிலிருந்து ஆம்பிளைகள் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒன்று வந்தால் வெளியே ஒருவன் போக வேண்டும் என்று டில்லியில் யாரோ சட்டம் போட்டுவிட்டார்கள் என்றே நான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. எதிர் வீட்டுக்காரர் மகன் குவைத்திலிருந்து அனுப்பி அவர்கள் மாடி எழுப்பிவிட்டார்கள். அந்த மாடியின் நிழல் சாயந்திரம் எங்கள் வாசலில் விழும். அம்மாவுக்கு அது ஆகாது.

“நீ பசங்களுக்குக் கயிறு கட்டக் கத்துக் குடுத்துக்கினே இரு. அவனவன் குவைத்துக்குப் போயி மெத்தை வூடு கட்டிக்கினு கீறான்” என்பாள்.

நைனா கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே, “வுடு, பையன் துன்ற நேரத்துல ஏன் கத்தற” என்பார். அவ்வளவுதான் அவர் எனக்காகப் பேசுவது.

அம்மாவின் தொல்லை தாங்காமல் திருப்பதியில் ஒரு ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவைத்தேன். குவைத்தில் ஒரு கம்பெனிக்கு ஸ்டோர் கீப்பர் வேலை. விசா இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தால் என் தலைமுடியைத் திருமலைக்குக் கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். தலை என்னுடையது, என்னைக் கேட்கவில்லை. எனக்கோ போகவும் ஆசை, இருக்கவும் ஆசை. இரண்டையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டு சோறு தின்றுகொண்டிருந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் தலக்கோனா ட்ரெக் முடிவானது. தசரா லீவில் இருபது பையன்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப் போய், அருவி பார்த்து, கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு வர வேண்டும். பையன்களுக்கு அதற்கு முன் தெரிந்த காடு புளியந்தோப்புதான். ஆகாயத்தில் பறந்தார்கள். தலைமை ஆசிரியர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். தெலுங்கு வாத்தியாரின் முழங்காலை நம்பி அவர் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பத் தயாராக இல்லை. “அசிஸ்டெண்ட் உண்டே ட்ரெக். லேகபோத்தே லேது” என்று பிரேயரிலேயே சொல்லிவிட்டார். நான் இருந்தால் ட்ரெக், இல்லாவிட்டால் இல்லை.

அன்றிலிருந்து என் விசா ஊர்ப் பொதுச் சொத்தாகிவிட்டது. சைக்கிளில் போகிற பையன் காலை ஊன்றி நிறுத்தி, “சார், விசா வந்துச்சா?” என்பான். வரவில்லை என்றால் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “ஐயோ பாவம் சார்” என்று சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டு போவான்.

ட்ரெக்குக்கு முன்னால் ஒத்திகையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அலிபிரி அடிவாரத்திலிருந்து திருமலைக்கு நடந்தே ஏறுவது என்று வைத்தேன். முதலில் பை சோதனை. இன்னது இன்னது எடுத்து வா என்று சொல்லியிருந்தேன். அம்மாக்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருவன் பையில் மாங்காய் ஊறுகாய் பாட்டில் உடைந்து சட்டை, துண்டு, முதலுதவிப் பஞ்சு எல்லாம் காரமாகியிருந்தது. இன்னொருவன் பை மட்டும் உரச்சாக்கு அளவுக்கு உப்பியிருந்தது. திறந்தால், புலிப் படம் போட்ட குவைத் கம்பளி. அவன் அப்பா போன லீவில் அங்கிருந்து கொண்டுவந்தது. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம்.

“ஏண்டா, வெயில்ல மலை ஏறப் போறோம். கம்பளி எதுக்கு?”

“அம்மா வெச்சாங்க சார். வேணான்னா அழுவாங்க சார்.”

அம்மா அழுவாள் என்பதற்கு மேல் சாரணர் சட்டத்தில் எந்த விதியும் இல்லை. புலியும் மலை ஏறியது.

ஒத்திகையில் நான் ஒரு மேதாவித்தனம் செய்தேன். காட்டில் முன்னால் போகிற அணி, பின்னால் வருகிற அணிக்குக் கற்களால் அம்புக்குறி வைத்து வழி காட்டிவிட்டுப் போக வேண்டும். சாரணர் பாடத்தில் அது முக்கியம். படிக்கட்டில் யாரும் வழி தவற முடியாதுதான். இருந்தாலும் பயிற்சி பயிற்சிதானே என்று, பாதி தூரத்தில் ஒரு வளைவில் படியோரமாக நானே என் கையால் கல் பொறுக்கி, அழகாக ஒரு அம்புக்குறி வைத்தேன். படியை விட்டு இறங்கிப் பாறை நிழலுக்கு வா என்று அதற்குப் பொருள். முதல் அணியோடு பாறை நிழலில் உட்கார்ந்து, இருபது பேருக்கும் உண்டான புளிசோற்று மூட்டையைக் காவல் காத்தேன்.

இரண்டாவது அணி வரவில்லை. என்ன ஆயிற்று என்று பார்த்து வர ஒருவனை அனுப்பினேன். அவனும் வரவில்லை. இரண்டு பேரை அனுப்பினேன். அவர்களையும் காணோம். மிச்சம் இருந்தவர்கள் “நாங்க போயி இட்டுக்கினு வரோம் சார்” என்று எழுந்து போனார்கள். கடைசியில் நானும் புளிசோறும் மட்டும் மிஞ்சினோம். எரிச்சலோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்ப் பார்த்தேன்.

அம்புக்குறியைக் காணோம். அது இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கியிருந்தது. மேல் கல்லில் மஞ்சள், குங்குமம், ஒரு செம்பருத்திப் பூ. அடியில் கற்பூரம் எரிந்த கரி. அந்தப் பாதையில் நடந்து வருகிறவர்கள், சொந்த வீடு அமைய வேண்டும் என்று ஓரத்தில் கல்லின் மேல் கல் வைப்பது வழக்கம் என்று எனக்குத் தெரியாதா? என் அம்மாவே எனக்கும் மூன்று கல் அடுக்கிவிட்டு வா என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அடுக்கிவைத்த கல்லைப் பார்த்தால் பக்தர்கள் சும்மா போவார்களா? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது எல்லா ஊரிலும் நடக்கும். அம்புக்குறி பிடிக்கப் பிள்ளையார் ஆனது எங்களுக்குத்தான்.

அந்தக் கல்லைச் சுற்றி என் படை முழுவதும் நின்றது. இருபது பேரும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்து, கண்ணை மூடி, கைகூப்பி, உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். யூனிட் டெஸ்டுக்குக்கூட அவர்கள் அப்படிச் சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

“டேய், இது நான் வெச்ச அம்புக்குறிடா!”

“தெரியும் சார்” என்றான் முதல் அணியின் தலைவன், கண்ணைத் திறக்காமலே. “இப்ப சாமி ஆயிடுச்சி சார்.”

“இன்னாடா வேண்டிக்கினீங்க?”

“சும்மா சார். எல்லாரும் நல்லா இருக்கணும்னு.”

நம்பினேன். பசி அப்படி.

சில நாள் கழித்து ஏஜெண்டு கூப்பிட்டு அனுப்பினார். போனேன். அந்தக் கம்பெனி இப்போதைக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டதாம். “மள்ளி வஸ்துந்திலே தம்முடு” என்று தட்டிக்கொடுத்தார், மறுபடி வரும் என்று. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ஆனால் திரும்பி வருகிற பஸ் புத்தலப்பட்டைத் தாண்டுவதற்குள், தலக்கோனாவுக்கு எத்தனை கயிறு வேண்டும், எத்தனை டார்ச் வேண்டும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. வெட்கம் கெட்ட மனசு.

அம்மா சேதி கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள் பேசின. பையன்களிடம் சொன்னபோது எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். துக்கம் என்று நினைத்தேன், சிரிப்பை மறைத்திருக்கிறார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அணிவகுப்பு. படை வரிசையில் நின்றது. பார்த்தவுடன் ஏதோ சரியில்லை என்று பட்டது. எல்லார் நீலத் தொப்பியும் காது வரை இறங்கியிருந்தது. சிலருக்குப் புருவத்தைக் காணோம். தெலுங்கு வாத்தியார் விசில் ஊதினார். இருபது கையும் சல்யூட்டுக்கு எழுந்தது. விரல் பட்டதும் பாதிப் பேருக்குத் தொப்பி மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது.

“தொப்பியக் கழட்டுங்கடா.”

கழற்றினார்கள். இருபதும் மொட்டை. சந்தனம் பூசிய மொட்டை, வெயிலில் பளபளத்தது. முந்தின நாள் யாருக்கும் தெரியாமல் கூட்டாகத் திருமலைக்குப் பஸ் ஏறிப் போய் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

“இன்னாடா இது?”

“மொட்டை சார்.”

“அது தெரியுது. எதுக்கு?”

“மொக்கு சார்.” எங்கள் பக்கத்தில் வேண்டுதலுக்குத் தெலுங்கிலிருந்து எடுத்துக்கொண்ட பேர் அது.

“இருபது பேருக்கும் ஒரே மொக்கா?”

அணித் தலைவன் ஆகாயத்தைப் பார்த்தான். கம்பளிக்காரனுக்கு மட்டும் பொய்யை நெடுநேரம் வாயில் அடக்கிவைக்க வராது.

“உங்களுக்கு விசா வரக்கூடாதுன்னு சார்” என்று உடைத்துவிட்டான். “அன்னிக்கு நம்ம அம்புக்குறி கிட்டதான் சார் வேண்டிக்கினோம். உடனே பலிச்சிடுச்சி சார்.”

தெலுங்கு வாத்தியாரின் வாயிலிருந்து விசில் கீழே விழுந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நுவ்வு பெட்டின தேவுடே நின்னு ஆபினாடு” என்றார். நீ வைத்த சாமியே உன்னை நிறுத்திவிட்டது!

எனக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம். எதிர் வீட்டு மாடி, அம்மாவின் முகம் எல்லாம் கண்ணில் வந்தது. மைதானத்தைச் சுற்றி ஓடுங்கடா என்று கத்தினேன். ஓடினார்கள். ஒவ்வொரு வளைவிலும் தொப்பி விழ, குனிந்து எடுக்க, பின்னால் வருகிறவன் முட்ட, இருபது மொட்டையும் உருண்டு புரண்டு போனதைப் பார்த்து எவ்வளவு நேரம்தான் கோபத்தைப் பிடித்து வைத்திருப்பது? நானும் திரும்பி நின்று சிரித்துவிட்டேன். அதற்காக அன்பு, பாசம் என்று நெகிழ்ந்துவிடவில்லை. நான் போனால் ட்ரெக் போய்விடும். அந்தப் பயல்களின் கணக்கு அவ்வளவுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வீடுகளில் எந்தச் சிக்கலும் வரவில்லை. திருமலையில் மொட்டை அடித்துக்கொண்டு வருகிற பிள்ளையை எங்கள் ஜில்லாவில் எந்த அம்மாவும் ஏன் என்று கேட்க மாட்டாள். கம்பளிக்காரனின் அம்மா, புருஷன் நல்லபடியாக ஊர் திரும்ப வேண்டும் என்று தான் வேண்டியிருந்ததற்கு அந்த மொட்டையையே கணக்கில் கழித்துக்கொண்டாள். அவன் “அது வேற மொக்கும்மா” என்று முனகியதை யாரும் சட்டை செய்யவில்லை.

என் அம்மாவிடம் நானே சொன்னேன். திட்டித் தீர்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். முறத்தை வைத்துவிட்டு யோசித்தாள்.

“அவரு மட்டும் இன்னா பண்ணுவாரு?” என்றாள் கடைசியில், பெருமாளுக்குப் பரிந்துகொண்டு. “நான் ஒரு தலை வெச்சேன். அவனுங்க இருபது தலை வெச்சானுங்க.”

ட்ரெக் நடந்தது. சோறு அடிப்பிடித்தது, ஒரு கூடாரம் காற்றில் சாய்ந்தது, புலிக் கம்பளி நனைந்து அதை நான்கு பேர் கம்பில் கட்டித் தூக்கி வந்தார்கள். தலக்கோனா அருவி மொட்டைத் தலையில் நேராக விழுந்தபோது அவர்கள் போட்ட கூச்சலில் குரங்குகள் மரம் மாறின. என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது குறைவு.

தீபாவளிக்கு முன்னால் ஏஜெண்டு மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை விசா கையிலேயே வந்துவிட்டது. “யாருக்கும் சொல்லாத. அந்தப் பசங்க காதுல மட்டும் வுழவே கூடாது” என்றாள் அம்மா. என்னால் அப்படிப் போக முடியவில்லை. சாயந்திரம் மைதானத்துக்குப் போய், வரிசையில் நிற்க வைத்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

ட்ரெக் முடிந்துவிட்டது. இனி நான் இருந்தாலென்ன, போனாலென்ன? டார்ச் லைட் வாங்கிக்கினு வாங்க, வாட்ச் வாங்கிக்கினு வாங்க என்று கேட்பார்கள், கிண்டலாக ஒரு பதில் சொல்லலாம் என்று தயாராக நின்றேன். ஆனால் கம்பளிக்காரன் கீழே பார்த்து ஷூவால் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அணித் தலைவன்தான் வாயைத் திறந்தான். “எப்ப சார் போறீங்க?”

“அடுத்த வாரம்டா.”

அவன் தொப்பியைக் கழற்றினான். உள்ளங்கையால் தலையை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் தலையையும் தடவிப் பார்த்தான்.

“அதுக்குள்ள முடி வளராதே சார்” என்றான்.