லுணுகலையில் நின்ற இடது மாடு

புஹாரி மாமா மௌத்தாகி இன்றோடு ஒன்பது நாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு விதமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்: யாரையும் நம்பாத மனுஷர். பொய்யில்லை. பதுளைக் கடைவீதியில் முப்பது வருஷம் அரிசிக் கடை நடத்தினார். மூட்டையின் வாயை அவர் கையாலேதான் தைப்பார். மாட்டுவண்டி ஓட்டுகிற கரத்தைக்காரன் வந்து நின்றால் முதலில் அவன் வாயை முகர்ந்து பார்ப்பார், சலாம் அதற்குப் பிறகுதான். எனக்குப் பெண் பேச வந்தவர்கள் தொதல் என்கிற இனிப்பைக் கொண்டுவந்தபோது, முதல் துண்டை அவர்களையே தின்னச் சொன்னார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்தவர்களுக்கு லுணுகலை விஷயம் தெரியாது. அவர் என்னிடம் அதை மூன்று தடவை சொல்லியிருக்கிறார். அவருடைய கரத்தையை ஓட்டிய ரெங்கசாமியும் தன் பங்கைச் சொல்லியிருக்கிறான். இரண்டையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

ரயில் பண்டாரவளை வரைக்கும் மட்டும் வந்த காலம் அது. அங்கிருந்து பதுளைக்கும், பதுளையிலிருந்து பசறை, லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கும் அரிசி மாட்டுக்கரத்தையில்தான் போகும். மாமாவிடம் இருந்தது ஒரே கரத்தை. வலது பக்கம் செவலை மாடு, இடது பக்கம் சாம்பல் நிற மயிலை மாடு. ஓட்டுகிறவன் ரெங்கசாமி. தோட்டத்துக் கூலிக்காரர் லயத்திலிருந்து வந்து, பெண்சாதி பெரியாயியோடு கடைக்குப் பின்னால் மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அறையில் இருந்தான்.

ஒரு புதன்கிழமை காலை தபால் வண்டிக்காரன் வந்து சொன்னான்: தோட்டத்தில் அரிசியை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் ரெங்கசாமி லுணுகலையில் குடித்துவிட்டுக் கரத்தையை ரோட்டோரக் கானுக்குள் இறக்கிவிட்டான். அவனைப் பொலிஸ் பிடித்து அடைத்திருக்கிறது. கரத்தையும் மாடுகளும் பொலிஸ் முற்றத்தில் நிற்கின்றன.

மாமா முதலில் சந்தேகப்பட்டது தபால் வண்டிக்காரனை. இவனுக்கு இதில் என்ன அக்கறை, இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்று யோசித்தார். அவன் போனதும் பெரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இவள் அழுகிறாளா, இல்லை நமக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்துப்போக வந்திருக்கிறாளா என்று அதையும் யோசித்தார்.

"அவரு குடிக்கிற ஆளு இல்லீங்க மொதலாளி. தீவாளிக்கு ஒரு தடவ குடிப்பாரு. அன்னைக்கும் வாந்தி எடுத்துருவாரு."

"அப்ப லுணுகலையில நேத்து என்ன தீவாளி?"

பெரியாயி மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டிலுக்குத் திரும்பிப் போனாள்.

வியாழக்கிழமை தபால் வண்டியில் மாமா லுணுகலைக்குப் போனார். மாட்டுச் சீட்டுகளை ஒரு தகரக் குழாயில் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டார். மாடு யாருடையது என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கிற சீட்டு அது. நிறம், கொம்பு, தொடையில் சுட்ட குறி எல்லாம் அதில் இருக்கும். சீட்டில்லாத மாடு கையிலிருந்தால் களவு மாடு என்றுதான் அர்த்தம்.

பொலிஸில் இருந்தவர் வயசான சிங்களச் சார்ஜன். தமிழ் பேசுவார். குடி வழக்கு பெரிதல்ல, கோட்டில் நீதவான் போடுகிற தண்டத்தைக் கட்டினால் தீர்ந்துவிடும், உங்கள் மாடுகள்தானே, கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போங்கள் என்றார். சீட்டைக்கூட அவர் விரித்துப் பார்க்கவில்லை.

அங்கேதான் மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. பொலிஸ் இவ்வளவு லேசில் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்குமா? ஏதோ குறைகிறது, நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது எனக்குத் தெரியவேண்டும் என்று பார்க்கிறார்கள். பேனையை வைத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கினார். அச்சைப் பார்த்தார், சக்கரத்துப் பட்டையைத் தட்டினார், லாந்தரைக் குலுக்கி எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார். கடைசியில் மாடுகளிடம் போனார். செவலை சரி. இடது பக்கம் நின்றதும் மயிலைதான், ஆனால் கொம்பின் வளைவு வேறு. குனிந்து தொடையைப் பார்த்தார். அவருடைய மாட்டில் பிறை சுட்டிருக்கும். இதில் வட்டமும் குறுக்கே ஒரு கோடும் இருந்தது.

"சார்ஜன் ஐயா, இடது மாடு என்னோடது இல்லை."

சார்ஜன் பேனையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதுவரை குடி வழக்காக இருந்தது அந்த நிமிஷத்தில் மாட்டுக் களவாக மாறியது. மாட்டுக் களவுக்கு ஜெயில், கசையடி. செவ்வாய்க்கிழமை இவனைப் பதுளைக் கோட்டுக்குக் கொண்டுபோவேன், அதற்குள் இந்த மாட்டுக்குரியவன் சீட்டோடு வந்து களவில்லை என்று சொன்னால் குடி வழக்கு மட்டும், இல்லாவிட்டால் இரண்டும் என்றார் சார்ஜன்.

ரெங்கசாமி கம்பிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வேட்டியில் கான் சேறு காய்ந்திருந்தது.

"என் மயிலை எங்கே?"

"மாத்திக் கட்டுனதுங்க மொதலாளி."

"யாரோட?"

மாமா இன்னும் இரண்டு தடவை கேட்டார். சொன்னால் அவனையும் பிடிப்பார்கள் என்றான் ரெங்கசாமி. அப்படியானால் கசையடியை நீயே வாங்கிக்கொள் என்று மாமா திரும்பி நடந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"மொஹிதீன் மொதலாளி வண்டிங்க. வீரய்யாவோட."

மொஹிதீன் என்ற பேரைக் கேட்டதும் மாமாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தார். ஒரு தோட்டத்துக்கு அரிசி ஏற்றுகிற வேலையை மொஹிதீன் தட்டிக்கொண்டு போனார் என்பதில் இருவருக்கும் நாலு வருஷமாகப் பேச்சில்லை. பள்ளியில் தொழ ஒரே வரிசையில் நிற்கக்கூட மாட்டார்கள். என் மாட்டை விற்றுவிட்டு, நான் போய்க் கேட்கமுடியாத ஒருவன் பேரைப் பார்த்துச் சொல்கிறான் என்று மாமா நினைத்தார்.

அன்று சாயங்காலம் ரெங்கசாமி குடித்த லுணுகலைத் தவறணைக்கு வெளியே நின்று, இங்கே யாராவது மாடு விற்றார்களா என்று விசாரித்தார். தவறணைக்காரர் சிரித்தார். "மாடு வித்த ஆளு ரெண்டு கிளாஸோட எந்திரிப்பானா முதலாளி?" மாமா அவரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, பள்ளியில் படுத்து, விடிந்ததும் பதுளைக்கு வண்டி ஏறினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மொஹிதீன் செருப்பை மாட்டும்போது மாமா போய் முன்னால் நின்றார். ரெங்கசாமியைக் காப்பாற்ற அல்ல. அவன் சொன்னது பொய் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். பின்னாளில் இதை மறைக்காமல் சொன்னார்.

"என்ன புஹாரி, வழி தவறிட்டீங்களா?" என்றார் மொஹிதீன்.

உங்கள் கொட்டிலைப் பார்க்கவேண்டும் என்றார் மாமா. மொஹிதீன் அவரை மேலும் கீழும் பார்த்தார். நாலு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஆள் திடீரென்று கொட்டிலைப் பார்க்கவேண்டும் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? என்றாலும் கூட்டிக்கொண்டு போனார், ஒரு அடி முன்னாலேயே நடந்து.

கொட்டிலில் மயிலை நின்றுகொண்டிருந்தது. தொடையில் பிறை.

"இது என் மாடு" என்றார் மாமா.

"உங்களுக்கென்ன பைத்தியமா? எட்டு வருஷமா நான் வளர்க்கிற மாடு."

மாமா சீட்டை விரித்தார். மொஹிதீன் சீட்டையும் தொடையையும் மாறிமாறிப் பார்த்தார். அவருடைய கரத்தைக்காரன் வீரய்யா ஒரு கட்டு வைக்கோலோடு உள்ளே வந்தவன், இரண்டு முதலாளிமாரும் குனிந்து மாட்டின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு வைக்கோலைக் கீழே போட்டுவிட்டான்.

அவன் சொன்னது இதுதான். பசறை ஏற்றத்தில் பாரத்தோடு ஏறுகிற கரத்தைக்குத் தெம்பான மாடு வேண்டும். எதிரே வெறும் கரத்தை வந்தால் இரண்டு பேரும் நிறுத்தி, அலுத்த மாட்டை வெறும் கரத்தையிலும் தெம்பான மாட்டைப் பார வண்டியிலும் மாற்றிக் கட்டிக்கொள்வார்கள். அடுத்த தடவை சந்திக்கும்போது திரும்ப மாற்றிக்கொள்வார்கள். அந்த ரோட்டில் கரத்தை ஓட்டுகிறவன் எல்லோருக்கும் இது தெரியும். முதலாளி ஒருவருக்கும் தெரியாது. இந்தத் தடவை ரெங்கசாமி அரிசியோடு போகும்போது மாற்றியது, திரும்ப மாற்றுவதற்குள் அவன் பிடிபட்டுவிட்டான்.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்றார் மொஹிதீன்.

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

ரெங்கசாமி பிடிபட்டதும் நீ ஏன் வந்து சொல்லவில்லை என்று மாமா கேட்டார். களவு மாடு கொட்டிலில் நிற்கிறது என்று தன்னையும் இழுத்துப் போவார்கள் என்று பயந்து, மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை என்றான் வீரய்யா.

"எத்தனை வருஷமா நடக்குது?"

"நான் வந்து ஆறு வருசங்க. எனக்கு முந்தியே இருந்திச்சு. எங்க மாடும் உங்க கொட்டில்ல எத்தனையோ நாள் நின்னிருக்கு. போன பெருநாளைக்கு நீங்க வெல்லம் குடுத்தது எங்க மாட்டுக்குத்தாங்க. ரெங்கசாமி சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்."

மூன்று தடவையும் மாமா இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். வாயை முகர்ந்து பார்த்தேன், மூட்டையைப் பார்த்தேன், மாட்டை மட்டும் பார்க்கவில்லை என்பார்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. மொஹிதீன் லுணுகலைக்கு வந்து சொன்னால்தான் ரெங்கசாமி தப்பலாம். மொஹிதீன் தாடியைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"உங்க மாடு என் கொட்டில்ல நிக்குது. அங்க வந்து நான் வாயைத் திறந்த பொறகு, மொஹிதீன்தான் களவெடுத்தாருன்னு நீங்க சொன்னா?"

"என் வண்டியில உங்க மாடு நிக்குது. அதையே நீங்க சொன்னா?"

இருவர் சொன்னதும் நியாயம். கடைசியில் மாமா தகரக் குழாயை நீட்டினார்.

"என் சீட்டை நீங்க வெச்சுக்குங்க. உங்க சீட்டை எங்கிட்ட தாங்க. சார்ஜன் முன்னால ஒரே நேரத்துல குடுப்போம்."

மறுநாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு மொஹிதீனுடைய கரத்தையில் கிளம்பினார்கள். மாமாவின் மயிலையைப் பூட்டி வீரய்யா ஓட்டினான். ஊர் எல்லையில் பெரியாயி ஒரு சோற்றுப் பொட்டணத்தோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள். மாமா ஏறச் சொன்னார். இரண்டு முதலாளிமாரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, அடுத்தவர் சீட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, லுணுகலை வரை பேசாமலே வந்தார்கள். பசறையில் தேத்தண்ணீர் குடிக்க இறங்கியபோது மட்டும், நீங்கள் முதலில் போய்வாருங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லி, கடைசியில் இரண்டு பேருமே இறங்கவில்லை. பெரியாயிதான் இரண்டு கிளாஸும் வாங்கி வந்து கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பொலிஸ் முற்றத்தில் இரண்டு மயிலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். சீட்டுகள் ஒரே நேரத்தில் நீண்டன. சார்ஜன் குறிகளைப் பார்த்துவிட்டு, உங்கள் சீட்டு ஏன் அவரிடம் இருக்கிறது என்று மொஹிதீனைக் கேட்டார். மொஹிதீன் மாமாவைப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார். சார்ஜன் சிரித்துக்கொண்டே களவு என்று எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்துவிட்டார்.

குடி வழக்கு மிச்சம் இருந்தது. செவ்வாய்க்கிழமை இவன் கோட்டுக்கு வருவான் என்று ஒருவர் பொறுப்புக் கையெழுத்துப் போட்டால் இப்போதே விட்டுவிடலாம் என்றார் சார்ஜன். மாமா அந்தக் காகிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நாலாவது தடவை வீரய்யாவை விட்டு வாசிக்கச் சொன்னார், அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்று தெரிந்ததும் பேனையை வாங்கினார். அதுவரை அவர் வேறொரு ஆளுக்காக எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை.

ரெங்கசாமி வெளியே வந்து மாமாவைக் கும்பிட்டான். எதற்குக் குடித்தாய் என்று மாமா கேட்டார். குளிருங்க என்றான். அதை அவர் கடைசி வரை நம்பவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை கேட்கவில்லை.

மாடுகள் அவரவர் கரத்தைக்குத் திரும்பின. வெறும் வண்டியாகத் திரும்ப மனசில்லாமல் மொஹிதீன் வழியில் ஒரு தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டார். பசறையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், வெறும் வண்டியான மாமாவின் கரத்தை முன்னால் போய்விட்டது. பின்னால் மொஹிதீனுடைய மயிலை முட்டிபோட்டு விழப் பார்த்தது. ரெங்கசாமி கரத்தையை நிறுத்தினான். நிறுத்திவிட்டு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் வீரய்யாவும் அப்படியே நின்றான். பெரியாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மொஹிதீன் பெட்டிகளின் மேலிருந்து இருமினார்.

"என்னத்துக்கு நிக்கிறீங்க? வழக்கமாச் செய்றதைச் செய்ங்க" என்றார் மாமா.

சொல்லிவிட்டுத் தானும் இறங்கினார். ரெங்கசாமி நுகத்தை அவிழ்த்ததும் தன் மயிலையின் கயிற்றைத் தானே பிடித்து மொஹிதீனுடைய கரத்தை வரை நடத்திக்கொண்டு போனார். வீரய்யா நீட்டிய கைக்கு உடனே கொடுக்கவில்லை. மொஹிதீன் இறங்கிவந்து, தன் மாட்டின் கயிற்றை இவருடைய இடது கையில் வைத்த பிறகுதான் வலது கையிலிருந்ததை விட்டார்.