கல்யாணப் படம் கடைசியில்

செஞ்சியில் நாவல் படிக்கிறவர்கள் பலர் இருந்திருக்கலாம். படித்ததைப் பற்றிப் பேசுகிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான் இருந்தார்.

யுத்த காலத்தில் பதிவு அலுவலகக் குமாஸ்தாவாக அந்த ஊருக்கு மாற்றலாகி வந்தேன். மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. குழந்தைகள் இல்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். பகலெல்லாம் பிறத்தியாருடைய நிலத்துக்கும் வீட்டுக்கும் எல்லை எழுதுவது என் வேலை. கிழக்கே இன்னார் கிணறு, மேற்கே இன்னார் புளியமரம். விடுமுறை நாளில் ஓட்டலில் உட்கார்ந்து "ரெண்டு இட்லி" என்று சொல்லும்போது குரல் கரகரக்கும். அன்று அதற்கு முன் யாரிடமும் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரியும். கோடையில் மலைப்பாறைகள் பகலில் வாங்கிய வெயிலைச் சாயங்காலம் ஊருக்குள் திருப்பி விடும். அறைக்குள் உட்கார முடியாது. நாவலை எடுத்துக்கொண்டு குளத்தங்கரைக்குப் போய்விடுவேன்.

படித்து முடித்த ஒவ்வொரு நாவலுக்கும் டைரியில் மூன்று வரி எழுதுவது என் வழக்கம். கதை எப்படி, நடை எப்படி, பிறருக்குச் சொல்லலாமா. மூன்றாவது வரி வரும்போதெல்லாம் கை சற்று நிற்கும். சொல்வதற்கு யார் இருந்தார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்தபோது, ஜெபப் புத்தகத்துக்கு அடியில் நான் வைத்திருந்த துப்பறியும் நாவலை ஒருவர் பார்த்துவிட்டார். எங்கள் பங்கின் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவர். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும்.

"சாமியார் பாத்தார்னா அடுத்த வாரப் பிரசங்கமே உங்களப் பத்தித்தான் சார்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொலைகாரன் யாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"நாலாம் அத்தியாயத்துலயே தெரிஞ்சுபோச்சு. சுமார் ரகம். பஸ்ல படிக்கலாம்."

"கொலைகாரன விடுங்க. அதுல ஒரு சமையல்காரன் வர்றானே, எஜமான் செத்துக் கெடக்கும்போது ரசம் ஆறுதேன்னு கவலப்படறவன்? அவனுக்காகவே ரெண்டு தடவ படிச்சேன்."

அந்தச் சமையல்காரனை நான் கவனிக்கவே இல்லை. அறைக்குப் போய் அந்தப் பக்கங்களை மறுபடியும் எடுத்துப் படித்தேன். யாரும் இல்லாத அறையில் சத்தமாகச் சிரித்தேன். அது எனக்கே புதிதாக இருந்தது.

அதன் பிறகு ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சிறிது நேரம் பேசுவோம். நான் ஒரு புத்தகம் சொல்வேன், டீச்சரம்மா ஒன்று சொல்வார். தனியாகப் பேச முடியாது. பேசவும் கூடாது. உபதேசியாரின் மனைவி எப்போதும் நடுவில் நிற்பார். கோயில் காரியங்களில் சாமியாருக்குக் கைகொடுப்பவர் உபதேசியார்; ஊர்க் காரியங்களைக் கவனிப்பது அவர் மனைவி. அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, கதை என்றால் உயிர். "இன்னா சார், இந்த வாரம் யாரக் கொன்னீங்கோ?" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஒருநாள் ஒரு குடும்ப நாவலை நான் பிய்த்து உதறினேன். கதாநாயகி ஓர் இடத்தில் மூத்த மகள், இன்னோர் இடத்தில் இளைய மகள் என்று பக்கங்களைக் காட்டினேன்.

"நீங்க கதை படிக்கிறீங்களா, கணக்குத் தணிக்கை பண்றீங்களா?" என்றார் டீச்சரம்மா.

"ரெண்டும்தான்."

"அப்ப அந்த ஆசிரியருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பிடுங்க."

இப்படிப் பேச்சுக்குக் காத்திருப்பது போய், அவருக்குக் காத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. எங்கள் வேதத்தில் விதவை மறுமணத்துக்குத் தடை இல்லை. ஊர் வாய்க்கும் தடை இல்லை. உபதேசியார் மூலம் முறைப்படி கேட்டு, டீச்சரம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டால், மறுநாள் அவர் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் போய்விடும். ஆகவே கேட்பதற்கு முன் அவர் மனசு தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி நாவல்தான்.

அந்தச் சமயத்தில் ஒன்று கையில் கிடைத்தது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. அப்போதெல்லாம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பார்கள். எங்கள் அலுவலகப் பதிவேடுகளுக்கு அட்டை போடுகிற பைண்டரிடம் யாரோ கொடுத்துவிட்டு, வாங்க வராமலே ஊரைவிட்டுப் போயிருந்தார். பைண்டர் அதை என்னிடம் கொடுத்தார். காகிதத் தட்டுப்பாட்டுக் காலம். பத்திரிகையில் ஓரமே விடாமல் அச்சடித்திருந்தார்கள். பைண்டர் ஓரம் வெட்டியபோது மேலே இருந்த அத்தியாய எண்ணும் அடியில் இருந்த 'தொடரும்', 'முற்றும்' எல்லாமும் கத்தியோடு போயிருந்தன.

கதை, மனைவியை இழந்த ஒரு ஸ்டேஷன் மாஸ்டரையும் ஒரு விதவையையும் பற்றியது. இருவரும் பழகுகிறார்கள். ஊர் பேசுகிறது. ஓர் அத்தியாயத்தில் அவள் மனம் பொறுக்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலேறிப் போகிறாள். கடைசி அத்தியாயத்தில் கல்யாணம். முழுப் பக்கப் படத்தோடு முடிந்தது. ஒரே ஒரு குறை. ரயிலேறும்போதே அவள் கழுத்தில் தாலி இருப்பதாக ஒரு வரி வந்தது. கல்யாணத்துக்கு முன்பே தாலி! தொடர்கதை எழுதுகிறவர்களுக்குப் போன வாரம் எழுதியது மறந்துபோவது சகஜம். ஓரத்தில் பென்சிலால் 'கவனக்குறைவு' என்று குறித்துவிட்டு மேலே படித்தேன். டைரியில் மூன்றாவது வரி எழுதக் கை நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு புத்தகத்தின் பெயரைச் சொன்னதும் டீச்சரம்மா முகம் மலர்ந்தது.

"அது பத்திரிகையில வந்தப்பவே படிச்சிட்டேன் சார். அண்ணன் வீட்டுல இருந்தப்போ, ஒரு வாரம் விடாம. இப்ப இவங்களுக்குத்தான் அத வாயால சொல்லிக்கிட்டு வர்றேன்."

"ஐயோ, முடிவச் சொல்லிடாதீங்கோ!" என்று உபதேசியார் மனைவி காதைப் பொத்திக்கொண்டார். "எனக்கு இன்னும் பாதிகூட ஆவல. அந்த ஆளு இப்பதான் அவள ரெண்டாந் தபா பாத்துக்கிறான்."

"சொல்லல" என்றேன். எனக்கும் அது வசதியாக இருந்தது. டீச்சரம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "அந்த முடிவுதான் சரி. வேற எந்த முடிவும் அவங்களுக்குப் பொருந்தாது."

"நெஜமாவா சொல்றீங்க?"

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் எடத்துல நான் இருந்தாலும் அப்படி முடியணும்னுதான் நெனைப்பேன்."

அவர் மறுபடியும் கேட்டார்: "அந்தப் பொண்ணு பண்ணினதும் சரிதானா?"

"அவ பண்ணினதுதான் பெரிய துணிச்சல்."

"சரி சார்" என்றார். அன்று வேறு புத்தகம் எதுவும் சொல்லவில்லை. வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதினால் அது மிகையில்லை. அறைக்கு இரண்டாவது நாற்காலி ஒன்று விலை விசாரித்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு அவர் சீக்கிரமே போய்விட்டார். பிறகு ஒரு ஞாயிறு வரவே இல்லை. உபதேசியாரிடம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவிதான் சொன்னார்.

"டீச்சரம்மா மாத்தல் கேட்டு வாங்கிக்கினாங்க சார், தெரியாதா? விழுப்புரத்தாண்ட ஏதோ கிராமமாம். நாளைக்கிப் பஸ்ஸு."

மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டை அடைத்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய காலம் அது. திண்டிவனம் பஸ்ஸுக்குப் பின்னால் கிளீனர் கரியடுப்பின் விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தான். டீச்சரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் தகரப்பெட்டி.

"சொல்லாமப் போறீங்களே" என்றேன்.

"சொல்லிக்கிட்டுப் போனா போக முடியாது சார்." சிரிக்கப் பார்த்தார். "எனக்குக் கொஞ்ச நாளாவே கொழப்பம். அன்னைக்கி நீங்க சொன்னதுலதான் தெளிஞ்சுது. அவ ரயிலேறிப் போனதுதான் சரி, அப்படித்தான் முடியணும்னு சொன்னீங்களே."

"ரயிலா? ரயில் ஏறிப் போனா, ஆனா கடைசியில..."

அதற்குள் வேப்பிலை கட்டிய ஒரு கும்பல் என்னை இடித்துக்கொண்டு போயிற்று. எனக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. தப்பு எங்கே என்று தெரியாமல் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. "பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"நீங்க எப்பவும் பாத்துட்டுத்தான் சொல்வீங்க" என்றார். கண்டக்டர் விசிலடித்தார். பஸ் புகை விட்டுக்கொண்டு போய்விட்டது.

அறைக்கு வந்து கடைசி இரண்டு அத்தியாயங்களையும் பிரித்து வைத்துப் பார்த்தேன். தாலி வருகிற வரியில் ஒரு தவறும் இல்லை. கல்யாண அத்தியாயம் முதலில் வர வேண்டும், ரயில் அத்தியாயம் கடைசியில். கல்யாணம் நடக்கிறது. பிறகு, முதல் மனைவியின் நினைவே நிறைந்திருக்கிற வீட்டில், 'இங்கே எனக்கு இடமில்லை' என்று அவள் ரயிலேறிப் போகிறாள்; அந்த 'இங்கே'யை ஊர் என்று நான் படித்திருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக்கொடி காட்டுகிறார். அதுதான் முடிவு. அதைத்தான் நான் மெச்சியிருக்கிறேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

பைண்டரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"எனக்குப் படிக்கவா வருது சாமி? படத்தப் பாத்துதான் அடுக்கறது. ரயிலு படம் ஒண்ணு, கண்ணாலப் படம் ஒண்ணு. கண்ணாலத்துக்கு அப்புறம் ரயிலு இன்னாத்துக்கு? ரயிலேறி வந்து கண்ணாலம் கட்டிக்கிச்சின்னு நெனச்சேன். கதைன்னா மங்களமா முடிய வாணாமா?"

மாற்றித் தைத்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

கடிதம் எழுதலாம்தான். ஆனால் அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு வருகிற தபால் முதலில் கன்னியாஸ்திரீ அம்மாள் கையில் பிரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நேரில் போவதுதான் முறை. அதற்குள் அலுவலகத்தில் மேலதிகாரி பார்வையிட வந்தார். பிறகு மழை. பிறகு எனக்கு ஜுரம். எல்லாம் முடிந்து ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை திண்டிவனம் போய் ரயில் பிடித்தேன். என்ன சொல்வது என்பதை வழியெல்லாம் ஒழுங்குபடுத்திக்கொண்டேன். முதலில் பைண்டர் விஷயம். டீச்சரம்மா சிரிப்பார். பிறகு மற்றது.

ஞாயிறு பூசைக்கு அந்தச் சிறிய கோயிலில் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பிரசங்கம் முடிந்ததும் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பது எங்கள் வழக்கம். முதல் ஓலை டீச்சரம்மாவுடையது. மாப்பிள்ளை அதே பள்ளிக்கூடத்து ஆண் ஆசிரியர், மனைவியை இழந்தவர். "தடை ஏதேனும் தெரிந்தவர்கள்" என்று சாமியார் நிறுத்தி வாசித்தார். எனக்குத் தெரிந்ததற்குத் தடை என்று பெயர் இல்லை.

பேசாமல் போய்விடலாம் என்றுதான் எழுந்தேன். வாசலில் அவரே பார்த்துவிட்டார்.

"சார்! இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க?" முகத்தில் நிஜமான சந்தோஷம். "அந்த ரயில் விஷயம் பாத்தீங்களா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று சொன்னவன் நான்தான். சொன்னேன். பைண்டர் பேசியதையும் அவர் பேசியது போலவே சொன்னேன். "ரயிலேறி வந்து கண்ணாலம் கட்டிக்கிச்சா!" என்று அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

"அப்போ, நீங்க சரின்னு சொன்னது..."

"கல்யாணத்த."

வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தது.

"ஓலை வாசிச்சுட்டாங்க சார்" என்றார் டீச்சரம்மா.

"கேட்டேன். சந்தோஷம்."

அவர் வேப்பமரத்தடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு பழைய குரலை வரவழைத்துக்கொண்டு, "இங்க கதைப் புத்தகம் யாரும் தொடறதில்ல. அவருக்கும் பழக்கமில்ல. நல்லதா ஏதாவது படிச்சீங்கன்னா சொல்லி அனுப்புங்க" என்றார்.

"அனுப்பறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு நல்ல நாவல்கள் எவ்வளவோ படித்தேன். டைரியில் கதை எப்படி, நடை எப்படி என்று இரண்டு வரி எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.