கோதுமை இல்லாத புதுநன்மை

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது எங்கள் வீட்டில் கோதுமைக்குத் தடை வந்தது. விசைப்படகுகளுக்கு வருஷாவருஷம் போடும் தடையைப் போல இரண்டு மாதத்துக்கு அல்ல, ஆயுசுக்கும். தடை போட்டவர் திருநெல்வேலியில் ஒரு டாக்டர். அதைக் காவல் காத்தவள் அம்மா.

அதற்கு முந்தைய இரண்டு வருஷம் திரேஸ்புரத்தில் எங்கள் தெருவுக்கே நான் ஒரு கவலையாக இருந்தேன். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பிக்கொண்டு முன்னால் போகும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை வயிற்றால் போகும். வாயெல்லாம் புண். பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் கொடி ஏறுவதற்குள் நான் மயங்கிச் சரிந்திருப்பேன். பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், ரத்தம் ஊறும் டானிக் கொடுத்தார்கள், கோயிலில் மந்திரித்த எண்ணெயைத் தேய்த்தார்கள். பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று பார்க்க வந்தவர்களெல்லாம் ரொட்டியும் ரஸ்க்கும் வாங்கி வந்தார்கள். நானும் பாலில் நனைத்து நனைத்துத் தின்றேன்.

கடைசியாகப் பார்த்த அந்த டாக்டர்தான் ரத்தம் எடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, விஷயத்தைச் சொன்னார். கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம், மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே அந்தப் பசை. அது என் குடலுக்கு ஆகவில்லை. குடலின் உள்சுவரை அரித்துவிட்டது. அதனால்தான் எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை, ரத்தமும் இல்லை, உயரமும் இல்லை. மருந்து என்ன என்று அம்மா கேட்டாள். மருந்து கிடையாது, கோதுமையை அடியோடு விட வேண்டும், ஒரு துணுக்குகூட உள்ளே போகக்கூடாது என்றார் அவர்.

"துணுக்குன்னா எவ்வளவு சார்?" என்று அம்மா கேட்டாள்.

ரொட்டியைப் பிட்டால் மேசையில் உதிருமே, அவ்வளவு என்றார். வேறு யாராக இருந்தாலும் டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று விட்டிருப்பார்கள். அம்மா விடவில்லை. அவள் வேலை பார்த்தது ஏற்றுமதி இறால் கம்பெனியில். தலையில் தொப்பி, வாயில் துணி, கையில் உறை, உள்ளே நுழையுமுன் முழங்கைவரை சோப்பு. நண்டுச் சதைக்கு ஒரு பலகை, இறாலுக்கு ஒரு பலகை. ஒன்றின் மேல் மற்றது படக்கூடாது. சரக்கில் ஒரு தலைமுடி கிடந்தால் கண்டெய்னரே கடல் தாண்டித் திரும்பி வந்துவிடும் என்று அவளுக்கு அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்கு, துணுக்கு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது டாக்டருக்குத் தெரிந்த அளவு தெரியும்.

அன்று சாயங்காலமே குசினியிலிருந்த சாமான்களையெல்லாம் முற்றத்தில் இறக்கிவிட்டாள். சப்பாத்திக் கட்டை, மாவு சலித்த சல்லடை, கோதுமை ரவை இருந்த டப்பா எல்லாம் பக்கத்து வீட்டிலிருந்த அத்தைக்குப் போயின. அலமாரியைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். எனக்கென்று நீலக்கரை போட்ட ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு வாணலி. அதைத் தொடுமுன் வீட்டில் யாரானாலும் கை கழுவ வேண்டும். அத்தை, அப்பாவுக்கு மூத்தவள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஏளா, இது புள்ளைக்கு வந்த சீக்கா, இல்ல கப்பல்ல ஏத்துற சரக்கா?"

அம்மா நீலக்கரைத் தட்டைக் கழுவித் தனியாகக் கவிழ்த்தாள். அப்பாவும் தப்பவில்லை. அவர் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர். அந்த நடை திரும்பியபோது எனக்காகப் படம்போட்ட பெரிய பிஸ்கட் டின் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். டின் வாசல்படியைத் தாண்டவில்லை. அப்பா பாதி புரிந்தும் புரியாமலும் அதைத் தெருப்பிள்ளைகளுக்குப் பங்குவைத்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் அழுதேன்.

கம்பெனியில் அம்மாவின் மேற்பார்வையாளராக இருந்த அக்கா ஒருத்தி, கோதுமை, மைதா, ரவை, அதே பசை உள்ள பார்லி ஆகியவற்றுக்கு இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தாள். அம்மா அந்தத் தாளை நெகிழிப் பைக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். கடையில் ஒவ்வொரு பாக்கெட்டையும் வாங்கி, தாளிலிருந்த எழுத்தையும் பாக்கெட்டிலிருந்த எழுத்தையும் விரல் வைத்து ஒப்பிடுவாள். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். கடை அண்ணாச்சி முதலில் எரிச்சல்பட்டார். பிறகு அவரே, "இதுல அது இருக்கும்மா, எடுக்காதீங்க" என்று சொல்லத் தொடங்கினார். மாவு மில்லில் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே நம் அரிசியையும் போடுகிறார்கள் என்று ஒருநாள் கண்டுபிடித்தாள். அதிலிருந்து இடியாப்ப மாவும் புட்டு மாவும் எங்கள் வீட்டு மிக்சியில்தான். ஓட்டப்பிடாரம் சந்தைக்குப் போய்வருகிற ஒருவரிடம் சொல்லிக் கம்பும் கேழ்வரகும் முழுசாக வாங்கி, கல்லும் வேற்றுத் தானியமும் பொறுக்கிக் கழுவிக் காயவைத்தாள். எலும்புக்குச் சாளை மீன், ரத்தத்துக்கு முருங்கைக் கீரை என்று எனக்குத் தனிச் சட்டம்.

வயிறு வற்றியது. வாய்ப்புண் ஆறியது. காலைக் கூட்டத்தில் கடைசிவரை நின்றேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தபோது மீன்பிடித் தடைக்காலம் வந்தது. கம்பெனியில் வேலை குறைந்து அம்மா வீட்டிலேயே இருந்தாள். நான் மறுபடியும் விழுந்தேன். முன்னைவிட மோசமாக. அத்தை இதற்காகவே காத்திருந்தவள் போல, கோதுமையும் இல்லை ஒன்றும் இல்லை, பட்டினி போட்டுத்தான் பிள்ளை இப்படி ஆனது என்று தெருவெல்லாம் சொன்னாள்.

அம்மா சுவரில் தொங்கிய கோயில் காலண்டரைக் கழற்றி எடுத்தாள். அதில் ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைக்கு என்ன சமையல், என் வயிறு எப்படி என்று பென்சிலால் குறித்திருந்தாள். எனக்கு அது நேற்றுப்போல் இருக்கிறது. நடுப்பகல், நான் பாயில் சுருண்டு கிடக்கிறேன், அவள் பின்வாசல் வெளிச்சத்தில் காலண்டரை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மீன் குழம்பு வைத்த நாளெல்லாம் நான் நன்றாக இருந்தேன். தடைக்காலத்தில் மீன் விலை ஏறிப்போய் தினமும் சாம்பார், ரசம். எனக்கு வயிறு சரியில்லை என்றால் அன்றைக்கு ரசம் கூடுதலாக ஒரு கரண்டி.

எழுந்து போய், ரசத்துக்குப் போடுகிற சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். புளி, மிளகு, சீரகம், பூண்டு. கடைசியாகப் பெருங்காய டப்பா. அதை மட்டும் அவள் படித்துப் பார்த்ததே இல்லை. பெருங்காயத்தை யார் சாப்பாடு என்று நினைப்பார்கள்? பொடி எழுத்து. இடுப்பிலிருந்து தாளை எடுத்து விரல் வைத்துப் பார்த்தாள். கோதுமைக்கு எழுதியிருந்த சொல்லில் விரல் நின்றது.

"வயித்துக்கு நல்லதுன்னு உனக்கு ரெண்டு சிட்டிகை கூடப் போட்டேம்ளா" என்றாள்.

கட்டிப் பெருங்காயத்தைப் பொடியாக்கக் கோதுமை மாவு கலப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது. அடுத்த தடவை போனபோது அம்மா அந்த டப்பாவை டாக்டர் மேசையில் வைத்தாள். அவர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன்னிடம் வருகிற மற்றப் பிள்ளைகளின் தாய்மாரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா வல்லநாடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். அந்த வருஷம் என் பள்ளிச் சீருடையின் மடிப்பை இரண்டு தடவை பிரித்து நீளமாக்க வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை மடிப்பைப் பிரிக்கும்போது அத்தையை வேண்டுமென்றே கூப்பிட்டு, ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னாள்.

மறு வருஷம் எனக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணையை, ஆண்டவருடைய சரீரம் என்று பூசையில் சாமியார் தருகிற அப்பத்தை, வாங்குகிற அந்தச் சடங்கு எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பாதிக் கல்யாணம் மாதிரி. வெள்ளைக் கவுன், தலையில் பூவளையம், கையில் மெழுகுவர்த்தி. ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பில் பாடம் நடந்தது. ஒருநாள் கன்னியாஸ்திரி, ஓஸ்தி என்ற அந்த அப்பம் கோதுமை மாவும் தண்ணீரும் மட்டுமே சேர்த்துச் செய்வது, வேறு மாவில் செய்தால் செல்லாது என்று சொல்லிக்கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து ஒப்பித்தேன். அம்மா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டாள்.

அத்தைக்கு இதில் சந்தேகமே இல்லை. ஆண்டவருடைய சரீரம் பிள்ளையை என்ன செய்துவிடும் என்று கேட்டாள். அப்படிக் கேட்டால் எங்கள் கடற்கரையில் யாரும் வாய் திறக்க முடியாது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனாள். அவள் அதுவரை பங்கு வீட்டுக்குள் வாய்விட்டுப் பேசியவள் அல்ல. கூட்டத்தின் பின்னால் முக்காட்டோடு நிற்கிறவள். சாமியார் பொறுமையாகக் கேட்டார். கோதுமைப் பசையைப் பெரும்பாலும் நீக்கிய அப்பம் வெளிநாட்டில் கிடைக்கும், வரவழைக்கப் பார்க்கலாம் என்றார்.

"பெரும்பாலும்னா கொஞ்சம் இருக்குல்லா சாமி" என்றாள் அம்மா.

மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினார். அதற்குப்பின் அம்மா என்னைக் கூட்டிப் போகவில்லை. அங்கே நடந்ததை நான் பல வருஷம் கழித்து, கல்லூரியில் சேர ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கப் போனபோது, அதே சாமியார் சொல்லித்தான் கேட்டேன். அப்பம் இல்லாமல் ரசப்பாத்திரத்திலிருந்து திராட்சை ரசத்தை மட்டும் கொடுக்கலாம், அதுவும் முழு நற்கருணைதான் என்று பதில் வந்திருந்தது. அவர் அதைச் சந்தோஷமாகச் சொன்னார். அம்மா மட்டும் முகம் தெளியாமல் நின்றாளாம்.

"பூசையில நீங்க அப்பத்தப் பிட்டு ஒரு துண்ட ரசத்துல போடுவீங்கல்லா சாமி. அப்போ அந்த ரசமும் என் பிள்ளைக்கு ஆகாது."

இத்தனை வருஷமாகத் தினமும் பூசை வைக்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை, உன் அம்மாவுக்குத் தோன்றியது என்று சொல்லிவிட்டு அவர் சான்றிதழில் முத்திரை குத்தினார். எனக்கென்று இன்னொரு சின்னக் கிண்ணம் வைப்பது, அதில் அப்பத் துண்டு விழாமல் பார்ப்பது, மற்றவர்களுக்கு அப்பம் கொடுக்கத் தொடங்குமுன் விரல்களைக் கழுவி எனக்கு முதலில் தருவது என்று அன்றைக்கு இருவரும் பேசி முடித்தார்களாம்.

என்னிடம் அம்மா இதை வேறு விதமாகச் சொன்னாள். ஜெபங்களையெல்லாம் தப்பில்லாமல் சொல்கிற பிள்ளைக்குச் சாமியார் அப்பத்துக்குப் பதில் கிண்ணத்தில் தருவாராம். கோதுமைதான் காரணம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பரிசு என்று நம்புவது நன்றாக இருந்தது. விசுவாசப் பிரமாணத்திலிருந்து பத்துக் கட்டளைவரை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

ஈஸ்டருக்குப் பின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் நிறைந்த கூட்டம். என்னுடைய பெயர்தான் முதலில். எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, நான் பூவளையம் சரியாமல் நடந்துபோய், சாமியார் மட்டுமே குடிக்கிற ரசத்தை வெள்ளிக் கிண்ணத்திலிருந்து ஒரு மிடறு குடித்தேன். தொண்டை எரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் பக்கத்துப் பிள்ளை ஏன் என்று சைகையில் கேட்டாள். நான் ஜெபம் நன்றாகச் சொன்னேன் என்று அவள் காதில் சொன்னேன்.

ஒரே ஒரு குறை. அதற்குக் கொஞ்சம் முன்னால், சாமியார் பீடத்தில் அப்பத்தைப் பிட்ட நேரம், கோயிலே முழங்கால்படியிட்டுத் தலைகுனிந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் அம்மா மட்டும் எழுந்து நின்றாள். முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்காமல் கழுத்தை நீட்டி, சாமியாரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு பெரிய கிண்ணத்தில் விழுந்த பிறகுதான் முழங்காலில் போனாள். அத்தை அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பரிசு வாங்கப்போகிற பிள்ளையின் அம்மா இப்படியா என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

வெளியே வந்ததும் அதைத்தான் முதலில் கேட்டேன்.

"முட்டு வலிச்சுதுளா" என்றாள் அம்மா.

புதுநன்மை எடுத்த அன்று ஒரு பிள்ளை கேட்பதை ஆண்டவர் மறுக்க மாட்டார் என்று கன்னியாஸ்திரி சொல்லியிருந்தார். சைக்கிள் கேட்பதாக முடிவுசெய்து வைத்திருந்தேன். மனதை மாற்றிக்கொண்டு, திரும்பக் கோயிலுக்குள் ஓடி, அம்மாவின் முட்டு வலியைக் குணமாக்கும்படி கேட்டேன். அதன்பிறகும் அவள் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை பார்த்தாள். ஒருநாளும் முட்டு வலிக்கிறது என்று சொல்லவில்லை. என் ஜெபம் பலித்துவிட்டது என்று ரொம்ப நாள் பெருமையாகத் திரிந்தேன்.